சுங்கை பூலோவில் மூன்று பொதுமக்கள்

போனவர்கள் மூன்று பேர்: நான், என் அண்ணன் செல்வம், அண்ணனோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் காதர் பாய். வராதவர் ஒருவர்: முத்தையா. அவரும் அதே அறைதான், அண்ணனுக்கு மேல்கட்டில். வராததற்குப் போனில் அவர் சொன்ன காரணம்: "மூணு பேரும் மாட்டிக்கிட்டா சோறு எடுத்துட்டு வர வெளிய ஒரு ஆள் வேணும்ல?"

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு வராமலே இருந்துவிட்டார்.

நான் சிங்கப்பூர் போனது ஊர் பார்க்க அல்ல. சென்னையில் லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை. பத்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். தாண்ட வைத்தவர் அண்ணன். பதினொரு வருடமாகச் சிங்கப்பூரில் கட்டட வேலை. நான் போய் இறங்கிய வாரம் அவருக்குக் கடைசி வாரமாக அமைந்துவிட்டது. வேலை பெர்மிட் முடிந்து செவ்வாய்க்கிழமை ஊருக்கு விமானம். வேறொரு கம்பெனி வழியாகத் திரும்பி வர மனு போட்டிருந்தார். பதில் வரவில்லை.

வெள்ளிக்கிழமை. தெம்பனிசில் பயிற்சி அறை. குளிர் தாங்காமல் இரண்டு சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வகுப்பு முடியும்போது பயிற்சி கொடுத்த அம்மையார் திரையில் ஒரு படம் போட்டார். கடலோரச் சதுப்பு நிலம், இரண்டு பக்கமும் மரங்கள், நடுவே வளைந்து போகும் பலகைப் பாதை. "வார இறுதியில் கடைத்தெருவையே சுற்றாதீர்கள். சுங்கை பூலோவுக்குப் போய் நடந்துவிட்டு வாருங்கள். பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது, காசும் கிடையாது" என்றார். எனக்கு ஆச்சரியம். எங்கள் ஊரிலிருந்து முத்துப்பேட்டை அலையாத்திக் காடு பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். ஒருநாளும் போனதில்லை. காட்டுக்குப் போனால் விறகோடு வரவேண்டும், இல்லையென்றால் நண்டோடு வரவேண்டும். வெறுங்கையோடு நடந்துவிட்டு வந்தால் வீட்டில் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

படத்தைக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அண்ணனை லிட்டில் இந்தியாவில் பார்த்தேன். சிராங்கூன் சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடை. நான் நெய் ரோஸ்ட் சொன்னேன். அண்ணன் இரண்டு இட்லியும் பாலில்லாத தேநீரும் சொன்னார். "ஒரு தே ஓ" என்று அவர் சொன்ன வேகத்தில் பதினொரு வருடம் இருந்தது. தோசை சென்னையைவிட மொறுமொறுப்பு, சாம்பார் சென்னையைவிட இனிப்பு, விலையைப் பற்றி நான் பேசப் போவதில்லை. நான் பாதி தோசை தின்பதற்குள் அண்ணன் முடித்து, தட்டை எடுத்துக்கொண்டு போய் அதற்குரிய இடத்தில் வைத்து, நான் சாப்பிட்ட மேசையையும் ஒரு பக்கம் துடைத்துவிட்டார். வேலைத் தளத்தில் பதினைந்து நிமிடச் சாப்பாடு பழகியவர்.

நான் படத்தைக் காட்டினேன். "அண்ணே, நாளைக்கு இங்க போவோமா?"

அவர் கைப்பேசியை வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். மரத்தையோ தண்ணீரையோ பார்க்கவில்லை. பலகைக்குக் கீழே தூண் இறங்கும் இடத்தையே பார்த்தார்.

"இது நாங்க போட்டதுடா."

"எது?"

"இந்தப் பாதை. நானு, காதரு, முத்தையா. சேத்துல பைல் தூணு அடிச்சதுல இருந்து பலகை போட்டது வரைக்கும். கடைசித் துண்டு மட்டும் பாக்கி இருந்துச்சு, அதுக்குள்ள என்னய வேற சைட்டுக்குத் தூக்கிட்டாங்க."

எனக்குப் பெருமையில் காது சூடாகிவிட்டது. "அப்ப கண்டிப்பாப் போவோம்ணே!"

"முடியாதுடா. ஹேண்டோவர் ஆயிடுச்சு."

இந்த ஒரு சொல்லை எனக்கு விளக்க அவருக்கு இரண்டாவது தேநீர் தேவைப்பட்டது. வேலை முடிந்து கட்டடத்தை உரியவர்களிடம் ஒப்படைக்கும் நாள் ஹேண்டோவர். அன்று சாயங்காலம் கருவிகள் வெளியே வரும், தடுப்புத் தகரம் வெளியே வரும், ஆட்களும் வெளியே வருவார்கள். அதன்பிறகு அந்த இடத்தில் கால் வைக்கக் கூடாது. லிஃப்ட்டில் ஏறக்கூடாது, புதுக் கழிப்பறைக்குப் போகக்கூடாது, நிழலுக்குக்கூட ஒதுங்கக்கூடாது. இது சட்டமா என்று கேட்டேன். "சட்டம் இல்ல. வழக்கம்" என்றார். முத்தையாவுக்கு நடந்ததையும் சொன்னார். இந்தப் பாதையை ஒப்படைத்த மறுநாள் ஏதோ சின்னப் பழுது பார்க்க முத்தையாவை அனுப்பியிருக்கிறார்கள். வேலை முடித்து, பாதையோரம் அவரே பொருத்திய பெஞ்சில் மதியம் படுத்துக் கண்ணயர்ந்துவிட்டார். சூப்பர்வைசர் படம் எடுத்து ஆபீசுக்கு அனுப்பினார். மூன்று நாள் கூலி போயிற்று. அதைவிடப் பெரிது, அந்தப் படம் வாட்ஸ்அப் குழுவில் சுற்றியது.

"அது வேலை நாள்ணே. நாளைக்கு உங்களுக்கு லீவு. அது பொதுமக்களுக்குத் திறந்த இடம்."

"பப்ளிக்னா நாம இல்லடா."

"பின்ன யாரு?"

அவர் தேநீர்க் குவளையைத் தள்ளி வைத்தார். அதன்பிறகுதான் நிஜமான பயம் வெளியே வந்தது. "எவனாச்சும் ஒருத்தன் கம்ப்ளெய்ண்ட் போட்டான்னு வையி. கம்பெனிக்குப் போகும். புதுக் கம்பெனிக்காரன் பழைய கம்பெனிக்குப் போன் போட்டுத்தான் எடுப்பான். கடைசி மூணு நாள்ல போயி இதைச் செய்வனா? நான் திரும்பி வரணும்ல?"

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. ஆனால் எனக்குக் கோபம் வந்தது. அண்ணன் மீது அல்ல. அவர் போட்ட பாதையில் உலகமே நடக்கலாம், அவர் மட்டும் அதைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்க்கவேண்டும் என்பதை எந்த வழக்கமும் எனக்குப் புரியவைக்க முடியாது. படிக்க வைத்தாரல்லவா? படித்தவன் செய்யக்கூடியதை அன்றிரவே செய்தேன். விடுதி அறையில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். இவர்கள் விடுமுறை நாளில் வந்த பார்வையாளர்கள், இவ்விடம் அனைவருக்கும் திறந்தது, ஆட்சேபம் இருந்தால் எழுத்துமூலம் தெரிவிக்கவும், கீழே என் பெயர், கைப்பேசி எண். காலையில் லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் முப்பது காசு கொடுத்து அச்சிட்டு, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. மூன்று பொட்டலம் பிரியாணியோடு வடக்கே சொல்லிவைத்திருந்த ரயில் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அண்ணன் வருவார் என்று எனக்கு நிச்சயமில்லை. வந்திருந்தார். தீபாவளிக்கு எடுத்த சட்டை, மடிப்புக் கலையாத பேண்ட். கூடவே காதர் பாய், அதிராம்பட்டினத்துக்காரர், ஒல்லியான ஆள், ரப்பர் செருப்பு.

"உங்க அண்ணனைக் கூட்டிட்டு வரத்துக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும் தம்பி" என்றார். "கடைசியில, நீ வரலேன்னா நான் மட்டும் போறேன், மாட்டுனா உன் பேரைச் சொல்லுவேன்னு சொன்னேன். உடனே சட்டை மாத்திட்டான்."

கடிதத்தைக் காட்டினேன். அண்ணன் ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். "கலெக்டர் ஆபீஸ் மனு மாதிரி இருக்கேடா." காதர் பாய் முகர்ந்து பார்த்துவிட்டு, "பிரியாணி வாசம் வருது. செல்லும்" என்றார்.

பஸ்ஸில் தவறு செய்தது நான். கைப்பேசி வரைபடத்தை நம்பி இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறக்கிவிட்டேன். வெயிலில் பண்ணைகளின் ஓரமாக நடந்தோம். சாலையில் ஒரு தாள் கிடையாது, ஒரு டீக்கடையும் கிடையாது. நம் ஊரில் இத்தனை தூரத்தில் நான்கு கடையும் ஒரு பஞ்சாயத்தும் வந்திருக்கும். வழியில் காதர் பாயின் செருப்பு வார் அறுந்தது. அண்ணன் நிற்கக்கூட இல்லை. பேண்ட் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கட்டுக்கம்பியை எடுத்தார், குனிந்தார், இழுத்தார், மீதி முனையைப் பல்லால் கடித்துத் துப்பினார், பிறகு நினைவு வந்து அதையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார். தீபாவளிச் சட்டைக்கும் கட்டுக்கம்பியோடுதான் வருவாரா என்று கேட்டேன். "அது பையிலயே கெடக்கும்டா. கைக்குட்டை மாதிரி."

சதுப்பு நிலக் காப்பகத்தின் வாசலுக்கு வந்தோம். கதவு இல்லை, காவலர் இல்லை. நிழலான ஒரு மண்டபம், மேசைக்குப் பின்னால் தொப்பி போட்ட ஒரு பெண்மணி, தொண்டர் போலிருந்தது. நான் பேச வாயெடுப்பதற்குள் அண்ணன் முன்னால் போய்விட்டார். இரண்டு கையாலும் தன் பெர்மிட் அட்டையை நீட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் காதர் பாயும், அதே மாதிரி இரண்டு கையாலும்.

கொரோனா காலத்தில் வெளியே வரப் பாஸ், கடைக்குப் போகப் பாஸ் என்று பழகிய கைகள் அவை. பாஸ் போய்விட்டது. கை இன்னும் நீள்கிறது.

அந்த அம்மா அட்டையைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், இந்த ஊர்ப் பேச்சின் 'லா'வோடு தமிழிலேயே சொன்னார்: "கார்டெல்லாம் வேணாம் லா, உள்ள வைங்க. எல்லாருக்கும் ஃப்ரீ. பாட்டில் இருந்தா அங்க தண்ணி புடிச்சுக்கோங்க, பயங்கர ஹாட் இன்னிக்கு. முதலை வந்தா போர்டுல போட்டிருக்கிற மாதிரி ஸ்லோவா பின்னாடி வாங்க. ஓடாதீங்க."

"முதலையா? எனக்குத் தெரியாத முதலையா?" என்றார் காதர் பாய்.

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்கு அண்ணன் சொன்னார். சேற்றில் இவர்கள் தூண் இறக்கும்போது கரையில் ஒருவர் விசிலோடு நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முதலை தலை தெரிந்தால் ஊதவேண்டும். அந்த வேலை காதர் பாய்க்கு. "ஊர்ல ஆடு மேய்க்கிறேன்னு சொன்னா எவனும் பொண்ணு குடுக்கல. இங்க வந்து முதலை மேய்ச்சேன், குடுத்துட்டாங்க" என்றார்.

எச்சரிக்கைப் பலகையில் முதலைப் படம். இந்த ஊரில் தமிழும் ஆட்சிமொழி, நம் எழுத்தை ரயில் நிலையத்தில் பார்க்கும்போது நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது. ஆனால் இத்தனை வருடத்தில் அதிகம் படித்த தமிழ்ச் சொல் எது என்று அண்ணனிடம் கேட்டேன். யோசிக்கவே இல்லை. "அபாயம்."

பலகைப் பாதை தொடங்கும் இடத்தில் அண்ணன் நின்றார். குளிக்கப் போகிறவர் தண்ணீரைத் தொட்டுப் பார்ப்பதுபோல ஒரு காலை வைத்தார். பிறகு இன்னொன்றை. ஒன்றும் நடக்கவில்லை. எங்களுக்குப் பின்னால் ஒரு சீனக் குடும்பம் காத்திருந்தது. "அப்பா, அந்த மாமா ஏன் நிற்கிறார்?" என்று குழந்தை ஆங்கிலத்தில் கேட்டது. "பாலம் உறுதியா என்று பார்க்கிறார்" என்றார் அப்பா. அவருக்குத் தெரியாமலே சரியாகச் சொன்னார்.

உள்ளே போகப் போக வெயில் மறைந்தது. தண்ணீர் வற்றும் நேரம். சேறு மின்னியது. மூச்சுவிட நட்டுவைத்த குச்சிகள்போல வேர்கள் மேலே நின்றன. சேற்றில் கண் பிதுங்கிய மீன்கள் கையூன்றி நடந்தன. மீன் நடப்பதை நான் அன்றுதான் பார்த்தேன். ஓர் உடும்பு, எங்கள் ஊர் உடும்பைப்போல இரண்டு மடங்கு, பாதையைக் கடந்து போயிற்று. யாரும் கல்லெடுக்கவில்லை என்பது அதற்கே தெரிந்திருந்தது. நான் மேலே பார்த்துக்கொண்டு நடந்தேன். அண்ணன் கீழே பார்த்துக்கொண்டு நடந்தார். "இந்தத் தூணு மூணு நாள் இறங்கல." "இங்கதான் காதரு தப்பா விசில் ஊதி எல்லாரும் சேத்துல உழுந்தோம்." "மரக்கட்டை மாப்ள அது, முதலை மாதிரியே வந்துச்சு!" என்றார் காதர் பாய்.

ஒரு வளைவில் அண்ணன் குனிந்தார். ஒரு பலகையில் திருகாணி அரை விரல் மேலே வந்திருந்தது. பையிலிருந்து காசு எடுத்து முறுக்கத் தொடங்கினார். இறுகவில்லை. செருப்பின் குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

சத்தத்தில் சேற்றோரம் நின்ற வெள்ளைப் பறவை எழும்பிப் போனது. அப்போதுதான் கவனித்தேன், வளைவுக்கு அந்தப் பக்கம் முக்காலி, அதன்மேல் கை நீளக் கேமரா, பின்னால் ஒருவர். எவ்வளவு நேரம் காத்திருந்தாரோ. முகம் சிவந்திருந்தது.

ஆங்கிலத்தில் கேட்டார்: "ரிப்பேர் வேலையை வார நாளில் வைத்துக்கொள்ளக் கூடாதா? ஞாயிற்றுக்கிழமை இது பார்வையாளர்களுக்கான இடம். உங்கள் சூப்பர்வைசர் எங்கே? நம்பர் கொடுங்கள்."

அண்ணன் எழுந்தார். இரண்டு கையும் தானாக முதுகுக்குப் பின்னால் போயின. "சாரி பாஸ்." அவ்வளவுதான். திரும்பி, வந்த வழியே நடக்க ஆரம்பித்துவிட்டார்.

நான் கடிதத்துக்குச் சட்டைப் பையில் கைவிட்டேன். நான்காக மடித்தது, வியர்வையில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

காதர் பாய் நகரவே இல்லை. நின்ற இடத்திலிருந்து சத்தமாகக் கேட்டார்: "மாப்ள! ஹேண்டோவர் யார்ட்டப் பண்ணாங்க?"

அண்ணன் நடந்துகொண்டே சொன்னார், "கவர்மெண்ட்டுகிட்ட."

"கவர்மெண்ட்டு யார்ட்டக் குடுத்துச்சு?"

அண்ணன் நின்றார். முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. பதினொரு வருடமாகப் பாரம் ஏற்றி இறக்கிய முதுகு. செவ்வாய்க்கிழமை விமானமும் வராத பதிலும் அதற்குள் ஓடியிருக்கவேண்டும். கடிதத்தை இழுப்பதை நிறுத்தினேன். அது அவருடைய பிழைப்பு, நான் துணிச்சல் காட்டுவதற்கான இடம் அல்ல என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

திரும்பி வந்தார். கேமராக்காரருக்கு நேராக நின்றார். கைகள் முதுகிலிருந்து முன்னால் வந்திருந்தன.

"நோ ஒர்க் டுடே, பாஸ்," என்றார். "திஸ் ஒன் பிஃபோர் ஐ மேக். டுடே மீ பப்ளிக்."

சொல்லிவிட்டு மறுபடி குனிந்து, அந்தத் திருகாணியைக் கடைசிச் சுற்றுவரை முறுக்கி முடித்தார்.

கேமராக்காரர் எங்கள் மூவரையும் பார்த்தார். என் கையில் பாதி வெளியே வந்திருந்த காகிதத்தையும் பார்த்தார். முக்காலியை ஓரமாக ஒரு அடி நகர்த்திக்கொண்டார். மன்னிப்புக் கேட்கவில்லை. எங்களுக்கும் அது தேவைப்படவில்லை. வழி போதும்.

பத்து அடி தள்ளிப் போனதும் காதர் பாய் கேட்டார், "பப்ளிக் எதுக்குடா ஸ்குரூ முறுக்குது?"

"பப்ளிக் முறுக்கக் கூடாதுன்னு போர்டு இருக்கா?" என்றார் அண்ணன். அவர் குரலில் அப்படி ஒரு தெனாவட்டை நான் கேட்டதே இல்லை.

பாதையின் கடைசித் துண்டு, அண்ணன் முடிக்காமல் போனது, கடலுக்கு மேல் நீண்டிருந்தது. அதில் அவர் மெதுவாக நடந்தார். வேறு யாரோ போட்ட பலகைகள். கைப்பிடியைத் தட்டிப் பார்த்தார், இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தார். "பரவால்ல. நல்லாத்தான் பண்ணியிருக்காய்ங்க." எதிர்க்கரையில் மலேசியா, கட்டடங்களோடு, கைநீட்டினால் தொடலாம் போல. காற்று உப்பாக அடித்தது. தீபாவளிச் சட்டை பின்னால் உப்பியது.

கைப்பேசி அடித்தது. முத்தையா.

"புடிச்சிட்டாங்களா?"

அண்ணன் வீடியோவைப் போட்டுக் கைப்பேசியைக் கடல் பக்கம் திருப்பினார். "டேய், கட் பண்ணுடா! என் மூஞ்சி தெரியப் போவுது!" என்று கத்தினார் முத்தையா. திரை இருட்டாகிவிட்டது, கையால் மூடிக்கொண்டார் போல. ஆனால் இணைப்பைத் துண்டிக்கவில்லை. இருட்டிலிருந்து குரல் மட்டும் வந்தது: "அந்த மூணாவது பெஞ்சு இருக்கா?"

திரும்பி வரும்போது கண்டுபிடித்தோம். மூன்று பொட்டலத்தையும் அதில் உட்கார்ந்துதான் பிரித்தோம். பிரியாணி ஆறிப்போயிருந்தது. அண்ணனுக்கு ஆறிய சோறு புதிதல்ல. விடிவதற்கு முன் வரும் பொட்டலத்தை மதியம் தின்று பழகியவர். ஆனால் அன்று பதினைந்து நிமிடத்தில் முடிக்கவில்லை. எலும்பை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். குப்பையைக் கட்டிய பிறகு காதர் பாய் பெஞ்சில் நீட்டிப் படுத்து, கண்ணை மூடி, "எடுங்க தம்பி படம். வாட்ஸ்அப்ல நானே போடுறேன்" என்றார். எடுத்தேன். போட்டார்.

அதே நேரம் மழை வந்தது. சிங்கப்பூர் மழை சொல்லிவிட்டு வருவதில்லை. ஓடிப்போய்ச் சாலைக்கு வந்தால் பஸ் எங்கள் கண்ணெதிரே போய்விட்டது. அடுத்தது எப்போது என்று நான் கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருக்கும்போது அண்ணன் சொன்னார்: "டாக்சி கூப்புடு."

பதினொரு வருடத்தில் அவர் டாக்சியில் ஏறியதில்லை. லாரி, பஸ், ரயில். முன்னிருக்கையில் ஈரம் படாமல் பிரியாணிப் பையை விரித்து உட்கார்ந்தார். ஓட்டுநர் வயதான சீனர். கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்து, "இந்த மழையில் வேலையா?" என்று கேட்டார். அண்ணன் திரும்பி எங்களைப் பார்த்து ஒருமுறை சிரித்தார். "நோ அங்கிள். வாக்கிங்."

திங்கட்கிழமை முழுக்க நான் வகுப்பில் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். புகார் ஏதும் வரவில்லை. வந்திருந்தால் பதில் எழுதத் தயாராகத்தான் இருந்தேன். செவ்வாய்க்கிழமை அண்ணன் இரண்டு பெட்டியோடு விமானம் ஏறினார். புதுக் கம்பெனியிலிருந்து இந்த நிமிடம்வரை பதில் இல்லை. வரலாம், வராமலும் போகலாம். அந்தப் பாதையில் நடந்ததற்காக வராமல் போகாது, அப்படிப் போனாலும் நடந்தது நடந்ததுதான் என்று அண்ணனே சொல்லிவிட்டார்.

வழியனுப்ப வந்த முத்தையா என்னைத் தனியாக ஓரம் கட்டினார். பெஞ்சில் காதர் பாய் படுத்திருக்கும் படம் குழுவில் வந்ததிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று காதர் பாய் சொல்லியிருந்தார்.

"தம்பி, அந்தக் கடுதாசி இருக்கா?"

"அது தேவைப்படலண்ணே. அண்ணன் வாயாலேயே சொல்லிட்டாரு."

"அவன் சொல்லுவான். எனக்கு வாய் வராது. ஒரு காப்பி எடுத்துக் குடுங்க. ஞாயித்துக்கெழம வேணும்."

செலவுக் கணக்கு (வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர்): பஸ், ரயில் ஆறு வெள்ளி இருபது காசு. பிரியாணி பத்தொன்பதரை வெள்ளி. டாக்சி இருபத்தேழு வெள்ளி நாற்பது காசு. கடிதம் அச்சிட முப்பது காசு, முத்தையாவுக்கு இன்னொரு பிரதி முப்பது காசு. நுழைவுக் கட்டணம் இல்லை. ஆக மொத்தம் ஐம்பத்து மூன்று வெள்ளி எழுபது காசு.